ஹாலுக்குப் போன முதல் தரம்

மரக்கடையில் இரண்டு தேக்குப் பலகைகள் சாய்ந்திருந்தன. ஒரே மரத்தில் அறுத்தவைதான். ஒன்று வழுவழுப் பலகை, அதில் ஒரு கணுகூட இல்லை, அதனால் முதல் தரம். மற்றதன் முகமெல்லாம் கணு, அதனால் மூன்றாம் தரம். அந்தக் கணுப் பலகைக்கு ஒரே ஆசை, தன்மேல் யாராவது தையதக்கா என்று குதிக்க வேண்டும்.

"மூஞ்சி பூரா புள்ளிய வச்சுக்கிட்டு ஆசையப் பாரு!" என்றது வழுவழு. "என்னை ஹால்ல போடுவாங்கடி. வர்றவங்க வாயைப் பிளப்பாங்க. நீ கட்டிலுக்கு அடியில கிடந்து தூசி தின்னு."

இரண்டும் ஒரே வீட்டுக்குத்தான் போயின. வழுவழு ஹாலில் தரைப் பலகையானது. கணுப் பலகை பின்னறைத் தரையில், கட்டில் எப்போது தலைமேல் வருமோ என்று நடுங்கிக் கிடந்தது.

கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்காரம்மா ஹாலைப் பார்த்து அலறினாள். "ஐயையோ, முதல் தரமாச்சே! கீறல் விழுந்துட்டா?" உடனே தரைமேல் போர்வை, போர்வைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் சோபா, சோபாவுக்கும் ஓர் உறை. அப்படியாவது மனசு ஆறியதா? "இங்க எவனாவது ஓடினா காலை முறிச்சிடுவேன்! கட்டிலை மாடிக்கு ஏத்துங்க. பிள்ளைங்க பின்னறையில ஆடட்டும்."

வந்திருந்த வாண்டுகள் மொத்தமும் பின்னறைக்குப் பாய்ந்தன. தொம் தொம் தொம்! கணுப் பலகைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னடி சத்தம்?" போர்வைக்கு அடியிலிருந்து வழுவழு முனகியது. "என்னைப் பார்த்து வாயைப் பிளக்கிறாங்களா?"

"சோபா உறையைப் பார்த்துப் பிளக்கிறாங்க, அக்கா. கொஞ்சம் இரு, அப்புறம் பேசுறேன். மறுபடி குதிக்க வர்றாங்க!"