பனிக்கு ஒரு விளக்கு

"ஹெட்லைட்டை அணைச்சாலும் ஃபாக் லைட் தனியா எரியணும் தம்பி. என்ன பண்ணுவியோ தெரியாது, இன்னைக்கே பண்ணிக் குடு."

ஸ்கூல் வேன் டிரைவர் பட்டறை வாசலில் நின்று கெஞ்சினார். போன வாரம்தான் அதே வேனுக்கு எலக்ட்ரீஷியன் புது ஹெட்லைட் பல்பு மாட்டி அனுப்பியிருந்தான். அதற்குள் மறுபடியுமா என்று எரிச்சல் வந்தது. மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

மலைப்பாதையில் காலைப் பனி கண்ணை மறைக்கிறது என்றார் டிரைவர். நேற்று ஒரு பிள்ளை அம்மாவின் கையை உதறிவிட்டு வேனை நோக்கி ஓடி வந்திருக்கிறது. இவருக்குத் தெரியவே இல்லை. அம்மா அலறிய அலறலில்தான் பிரேக்கை மிதித்தாராம். அந்த அலறல் வேன் ஓனர் காதுவரை போய், இன்னொரு புகார் வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று அவர் சொல்லிவிட்டார்.

"இந்த ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது தம்பி. அதுகூடப் போகட்டும். அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் எப்படி உயிரோட இருப்பேன்?"

எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்தான். கோபம் வந்தால் கத்துவான், பாவம் பார்த்தால் பாடம் நடத்துவான். ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும், ஃபாக் லைட்தான் தாழ்வாக இருந்து ரோட்டைக் காட்டும் என்று விளக்கினான். இந்த வண்டியில் ஹெட்லைட் போட்டால்தான் ஃபாக் லைட் எரியும். அந்த இணைப்பை வெட்டி, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, தனி ஃப்யூஸ், தனி ரிலே, டாஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்தான். பல்பையும் மஞ்சளாக மாற்றினான்.

அவன் வேலை செய்யச் செய்ய டிரைவர் புலம்பிக்கொண்டே இருந்தார். "பால் வண்டிக்காரன் ஃபாக் லைட்டே இல்லாம என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் பறக்குறான். உயிர்மேல ஆசையே இல்லை போல."

சுவிட்சைப் போட்டதும் இரண்டு விளக்கும் சுவரில் பளிச்சென்று அடித்தன. டிரைவர் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பவர் கூட்ட முடியாதா என்றார். இதற்கு மேல் கூட்டினால் வயர் உருகிவிடும் என்றான் இவன். அப்படியானால் நாளைக் காலையில் நீயே கூட வந்து பனியில் பார்த்துச் சரி பண்ணிக் கொடு என்று கையைப் பிடித்துக்கொண்டார். வெயில் முகத்தில் சுள்ளென்று அடிக்காமல் எழுந்திருக்காத ஆள், அந்தப் பிடிக்காகச் சரி என்றான்.

மறுநாள் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்பே காலி வேன் மலையேறியது. ஃபாக் லைட் மட்டும் எரிந்தது. டிரைவரின் மூக்கு கண்ணாடியில் முட்டாத குறை. ஒரு வளைவு வந்ததும் சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

"பாத்தியா? இங்கதான் ஆரம்பிக்கும். வேட்டியைக் கட்டித் தொங்க விட்ட மாதிரி. உன் லைட்டுக்கும் அசைய மாட்டேங்குது பாரு."

எலக்ட்ரீஷியன் ரோட்டைப் பார்த்தான். திரும்பி டிரைவரின் கண்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான்.

"ஏன் தம்பி, வயரிங்ல கோளாறா? எதுவா இருந்தாலும் சொல்லு. இன்னும் கொஞ்ச நேரத்துல பசங்க வந்து நிப்பாங்க."

அவன் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"பனியே இல்லைண்ணே."