அடுப்புக்குப் பின்னால் ஒரு கரிக்கோடு

ஆற்றங்கரை வீட்டின் சமையலறைச் சுவருக்கு வெளியே, சிவப்புத் துணி கட்டிய முளையைச் சர்வேயர் அடித்து இறக்குகிறார். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே தட்டுகள் அதிர்கின்றன. கையில் பிடித்த கரண்டியோடு அவள் வாசலில் நிற்கிறாள். எதிரே ஒரு பெரிய கப்பல் இடம் போதாமல் முன்னும் பின்னும் திணறித் திரும்புகிறது; அதன் நிழல் அடுப்பு வரை வந்து போகிறது. போன வருடம் இப்படித் திரும்பிய ஒன்றுதான் அவள் கணவனை அவன் ஓட்டிய இழுவைப் படகோடு சேர்த்துக் கரையில் வைத்து நசுக்கியது. "கப்பல் திரும்புற இடத்த இந்த முளை வரைக்கும்தான் அகலப்படுத்துறோம். உங்க வீடு தப்பிச்சிடுச்சுக்கா," என்று சர்வேயரோடு வந்த துறைமுகப் பொறியாளர் சிரிக்கிறார். "பல்லக் காட்டாதீங்க. அகலப்படுத்துங்கன்னு எம் புருஷன் நாயா அலைஞ்சு கேட்டப்போ, இருக்கிறதே போதும்னு சொன்ன வாய்தானே இது?" சிரிப்பு அடங்குகிறது. அவள் முளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அடுப்புக்குப் பின்னால் தொங்கும் காலண்டரை விலக்குகிறாள். அங்கே, கப்பல் திரும்ப இதுவரை இடம் வேண்டும் என்று அவள் கணவன் அளந்து போட்ட கரிக்கோடு. சொந்த வீட்டையே இடிக்கச் சொல்கிற கிறுக்கன் என்று அன்று அவளே கேலி செய்த கோடு. பின்னாலேயே வந்த பொறியாளர் பார்க்க, அதன் கீழே முளையை எறிகிறாள். "பன்னெண்டு அடி குறைச்சிருக்கீங்க. இங்க அடிங்க."