திரும்பிப் பார்க்கக் கூடாது

சேர்மராஜ் வேலை பார்த்த தனியார் கம்பெனியின் ராக்கெட் முதன்முறையாகச் சுற்றுப்பாதையை எட்டியது. ஊழியர் சலுகையில், அவன் அப்பாவின் அஸ்தியும் அதில் போயிருந்தது. உடன்குடியே கைதட்டியது.

முதல் நாள் அந்தியில், மொட்டைமாடிக்கு நேர்மேலே ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்தது. அம்மா பேச்சியம்மாள் கும்பிட்டாள்.

"உங்கப்பா போறாவ பாருய்யா."

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இப்போதெல்லாம் பொழுது சாயும் முன்பே அவள் ஜன்னல்களைச் சாத்திவிடுகிறாள்.

"ஏம்மா?"

"அஸ்தியக் கடல்ல கரைச்சா திரும்பிப் பாக்காம வந்துரணும்யா. அப்பதான் இருக்கவ இருக்க முடியும். நான் திரும்பாட்டாலும் உங்கப்பால்லா தெனம் வந்து நிக்காவ. கீழ எறக்க முடியாதா?"

"முடியாதும்மா. நம்ம காலத்துக்கும் சுத்தும்."

அவள் அடுத்த ஜன்னலைச் சாத்தினாள்.

"போன வருசம் உங்க ராக்கெட்டு கடல்ல விழுந்துச்சே, அதுலயும் அஸ்தி இருந்துச்சா?"

"ஏரல்காரர் ஒருத்தரோடது. அவர் சம்சாரம் கம்பெனி வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனாவ. நான்தான் போய்ச் சமாதானம் சொன்னேன்."

பேச்சியம்மாள் கடைசி ஜன்னலுக்குக் கொக்கி போட்டாள்.

"கொடுத்துவச்சவ," என்றாள்.