செவ்வந்தியின் எலும்பு

போராட்டத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று சாரங்கபாணி ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கிடைத்தது முகமில்லை, கால்.

பத்து வயசு செவ்வந்தியின் கால். ஒரு வருஷமாக முழங்காலுக்குக் கீழே வலி. வரும், போகும். இப்போது கழுத்தடியில் காறையெலும்பும் வீங்கியிருந்தது. கிருமி என்று மாற்றி மாற்றி மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் அசையவில்லை.

ஊரில் ஏற்கெனவே ஒரு எரிவாயுக் கிணறு. இரண்டாவதுக்குச் செவ்வந்தி வீட்டு வயலில் அளவுக் கல் நட்டாகிவிட்டது. எதிர்ப்புப் பந்தலுக்குத் தலைவர் சாரங்கபாணி.

"கிணத்து வாயு குழந்தை எலும்பைத் தின்னுது!" என்று மைக்கில் முழங்கினார். செவ்வந்தியை முன்வரிசையில் உட்கார வைத்தார். டி.வி.காரர்கள் வந்தால் கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார்.

"அய்யா, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போறேங்க," என்றாள் தாய் அம்சவல்லி.

"போகலாம்மா. வெள்ளிக்கிழமை இன்னொரு டி.வி. வருது. அது முடியட்டும்."

அம்சவல்லி வியாழக்கிழமையே பஸ் ஏறிவிட்டாள்.

உடம்பு முழுக்க ஸ்கேன். எலும்பில் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. டாக்டர் கமருன்னிஸா கூப்பிட்டுச் சொன்னார்:

"கிருமி இல்லைம்மா. புற்றுநோயும் இல்லை. உடம்போட எதிர்ப்புச் சக்தியே தடம்மாறி எலும்பைப் புண்ணாக்குது. வீக்கம் அடங்க மாத்திரை தர்றேன். கேக்கலேன்னா டிரிப்ஸ்ல மருந்து ஏத்தலாம். ஆபரேஷன் வேண்டாம்."

"கிணத்தாலயா டாக்டரம்மா?"

"அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஏன் வருதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

மாத்திரை போதவில்லை. டிரிப்ஸ் ஏறியது. சம்பா நடவு சமயத்தில் செவ்வந்தி வரப்பில் ஓட ஆரம்பித்தாள்.

சாரங்கபாணி பதறிப்போனார்.

"நாளைக்குக் கலெக்டர் வர்றார். புள்ளைய ஓடவிடாதே! கிணத்தாலதான்னு சொல்லு, போதும்."

"டாக்டரம்மா அப்படிச் சொல்லலீங்களே."

"அந்தம்மாவைக் கம்பெனி வாங்கிடுச்சு. உன்னையுமா?"

கலெக்டரிடம் அம்சவல்லி உள்ளதைச் சொன்னாள். ஊர் அவளுக்குக் 'கம்பெனிக்காரி' என்று பெயர் வைத்தது. குழாயடியில் அவளோடு பேச்சு நின்றது.

அடுத்த வாரமே போலீஸோடு மண் தோண்டும் எந்திரம் வந்து இறங்கியது. பந்தலில் தலைவரைக் காணோம். ஜனங்கள் வாய்க்கால் கரையிலேயே தயங்கி நின்றார்கள்.

அம்சவல்லி நேரே போய் எந்திரத்துக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்தாள்.

"நீதானே கிணத்து மேல தப்பில்லேன்னு சொன்னவ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எம்பொண்ணு நோவு கிணத்தாலன்னு சொல்ல மாட்டேன்னேங்க. ரெண்டு மா நெலத்தையும் தர்றேன்னு எப்பச் சொன்னேன்? இது நான் நட்ட வயலு. இதைக் காப்பாத்த அவ எலும்பு எதுக்குங்க?"

கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் எந்திரம் திரும்பிப் போனது.

சாரங்கபாணி அப்போது தஞ்சாவூரில் நெஞ்சுவலி என்று படுத்திருந்தார். எந்திரம் போய்விட்டதாக போன் வந்ததும் வலி நின்றது. அத்தனை ஸ்கேனும் எடுத்துப் பார்த்த டாக்டர்களுக்கு, அது என்ன நோய் என்று கடைசிவரை பிடிபடவேயில்லையாம்.