தொப்பிக்குக் கீழே

மாலை வெயில் மஞ்சளாகச் சாய்கிறது. காற்று அரித்து அரித்துக் கழுத்து சிறுத்த பாறைகள், பாலைவனத்தில் காளான்களைப் போல நிற்கின்றன. வெள்ளிக்கிழமை லீவுக்கு வளைகுடாவின் ராஸ் லஃபான் தொழில்நகரிலிருந்து கேம்ப் பஸ்ஸில் வந்த அருள்முருகன், இரவல் சட்டையில் ஒரு பாறையோரம் நின்று ஊரிலிருக்கும் மனைவி கனகாவை வீடியோவில் அழைக்கிறான். ஏசி ரூமில் வேலை என்று அவன் சொன்ன பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். "ஆபீசரே, நெஞ்சை நிமித்துங்க!" என்று பின்னாலிருந்து கேலி செய்கிறான் ரூம் கூட்டாளி சதீஷ்குமார். "பாத்தியா கனகா, பூராவும் காத்து செதுக்குனது!" "பாறை கெடக்கட்டுமுங்க. தொப்பியக் கழட்டுங்க, பாதி மொகந்தான் தெரியுது." யோசிக்காமல் கழற்றிவிடுகிறான். நெற்றியின் மேல்பாதி வெளுத்திருக்கிறது. அதற்குக் கீழே முகம் கருகியிருக்கிறது. வேலைத்தள ஹெல்மெட்டின் வார் கிடந்த தடம், காதிலிருந்து தாடை வரை வெள்ளைக் கோடாக இறங்குகிறது. கனகாவின் சிரிப்பு நின்றுவிடுகிறது. அவன் சட்டென்று போனைப் பாறைப் பக்கம் திருப்புகிறான். "ஏனுங்க..." "சொல்லு கனகா." "தொப்பியப் போட்டுக்குங்க. வெயிலு அடிக்குது." சுடுகிற வெயில் எப்போதோ தணிந்துவிட்டது. அவன் போட்டுக்கொள்கிறான்.