சுருங்காத மூளை

பட்டாசு ஆலை முதலாளி சங்கையாவுக்கு, கட்டின பெண்டாட்டி பேர்கூட மூன்று மாதமாக மறந்துபோச்சாம். மதுரைக்குக் கூட்டிப்போய் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மனைவி ராமுத்தாய் இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டாள்.

"மூளை கொஞ்சங்கூடச் சுருங்கலை. மறதி நோய்க்கு அறிகுறியே இல்லை" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் ராமுத்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஆத்தா, இப்பிடிக் கைவிட்டுட்டியே!"

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி வாயைப் பிளந்தாள். "நல்ல சேதிதானக்கா? எதுக்கு அழுகுறீக?"

"அடிப் போடி! நம்ம ஆலையில வெடிச்ச ரூம்ல நாலு பேருக்குப் பதிலா பத்துப் பேர உக்கார வச்சது யாருன்னு நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாகளே! ஞாபகமில்லன்னு இனி இவுக எப்பிடிச் சொல்லுவாக?"

மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சங்கையாவுக்குப் பெண்டாட்டி பேர் ஞாபகம் வந்தது.

"ஏ ராமுத்தாயி, வாய மூடு!"