தோளுக்கு மேலே

அவர் கை மேலே போவதையே கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடுப்பைத் தாண்டியது. மார்பைத் தாண்டியது. தோளுக்கு நேராக வந்து, நடுங்கிக்கொண்டு நின்றது.

கையில் ஒரு சிவப்பு ரப்பர் பந்து.

"இன்னும் கொஞ்சம் சார். தோளுக்கு மேல கொண்டு போங்க. அப்புறம் உங்க வீட்டம்மாவப் பார்த்து எறியணும்" என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா.

கூடம் கைதட்டியது. கோகிலவாணியும் தட்டினாள்.

மறுவாழ்வு இல்லத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை என்றால் குடும்ப நாள். வீட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். காலையில் பாட்டு. அந்த மாதம் பிறந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். பிறகு விளையாட்டு. மத்தியானம் பாயசத்தோடு சாப்பாடு. அதற்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்தையும் தனியாக உட்கார வைத்து, நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று சொல்வார்கள்.

நாச்சிமுத்துவைப் பக்கவாதத்தோடு இங்கே கொண்டுவந்தபோது வலப்பக்கம் முழுக்க விழுந்து கிடந்தது. பேச்சும் இல்லை.

முதல் குடும்ப நாளில் அவருடைய சுண்டுவிரல் அசைந்தது. அவள் அழுதாள். நிஜமான அழுகைதான் அது. கட்டியவர் கட்டையாகக் கிடப்பதை யாரால் பார்க்க முடியும்?

அடுத்த மாதம் ஸ்பூனைப் பிடித்தார்.

அதற்கடுத்த மாதம் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு மாதமும் அவள் கைதட்டினாள். ஒவ்வொரு மாதமும் திரும்பிப் போகும் பஸ்ஸில், இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

யாரிடம் சொல்வது? புருஷனுக்குக் குணமாவது பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அந்தக் கையை அவளுக்குத் தெரியும். லேத் பட்டறையில் இரும்பு தூக்கிப் பழகிய கை. குழம்பில் உப்பு கூடினால் வரும். கதவைத் திறக்கத் தாமதமானால் வரும். ஒன்றுமே இல்லாமலும் வரும். ஒரு பொங்கலன்று வந்ததில் அவளுடைய இடது காது அடைத்துப்போனது. அப்புறம் திறக்கவே இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள்.

இந்தச் சில மாதங்களாக வீட்டில் அவள் மட்டும்தான்.

ஒருநாள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பதறி அடுப்பை அணைத்தாள். பிறகுதான் நினைவு வந்தது. அதையே ஊற்றிச் சாப்பிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

"குடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண். மாமனாரைப் பார்க்க வந்தவள். "எங்க மாமாவுக்கு இன்னும் ஒரு விரலுகூட அசையல. இவரப் பாருங்க, எப்படித் தூக்கறாருன்னு."

கோகிலவாணி தலையாட்டினாள். சிரிக்கவும் செய்தாள்.

கை தோளைத் தாண்டியது.

காதைத் தாண்டியது.

பந்து அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கை மட்டும்தான் தெரிந்தது. அது பின்னால் போன விதம். ஒரு கணம் அங்கே நின்ற விதம்.

இறங்கியது.

அவள் குனிந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் தலையை மூடி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

பந்து அவள் நாற்காலிக் காலில் பட்டு உருண்டு போனது.

கூடம் சிரித்தது.

"அட, ரப்பர் பந்துக்குப் போயி இப்படிப் பயப்படறீங்களே அக்கா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவளும் நிமிர்ந்து சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

பந்தை எடுக்கப் போன ஜெசிந்தா பாதியிலேயே நின்றிருந்தாள். கோகிலவாணியின் கைகள் இன்னும் தலையைவிட்டு முழுதாக இறங்கவில்லை. ஜெசிந்தா அவற்றைப் பார்த்தாள். பிறகு நாச்சிமுத்துவின் கையைப் பார்த்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சின்ன அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"திங்கக்கிழமை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று ஆரம்பித்த ஜெசிந்தா நிறுத்தினாள். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பழக்கதோஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரிங்க. ஒரு சொல்தான். காலையில் பஸ் ஏறும்போதே தயாராக வைத்திருந்த சொல்.

"வேண்டாங்க."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"இங்கயே இருக்கட்டுங்க. நான் வந்து வந்து பார்த்துக்கறேன்."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பேச்சு வரவில்லை. வலது கை நாற்காலியின் பிடியைப் பற்றியது. இறுக்கியது. விரல் முட்டிகள் வெளுத்தன.

அவள் எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். புடவைத் தலைப்பு மட்டும் விரல்களுக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா ஏன் என்று கேட்கவில்லை.

எழுந்தாள். தன் நாற்காலியை இழுத்து வந்து, இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.